அப்பாவின் நாக்கடி மாத்திரையும் ஜிம் பவுடரும்: நைட்ரிக் ஆக்சைடு நம் உடலில் என்ன செய்கிறது?

இதய நோயாளி இருக்கும் வீடுகளில் ஒரு சின்ன மாத்திரை அட்டையைப் பார்த்திருப்பீர்கள். அப்பாவின் சட்டைப் பையிலோ பாட்டியின் சுருக்குப் பையிலோ அது எப்போதும் இருக்கும். நெஞ்சு வலித்தால் உடனே நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருப்பார். நம் ஊரில் ‘சார்பிட்ரேட்’ என்று சொன்னால் பலருக்கும் தெரியும்.

அதே வீட்டில் ஜிம்முக்குப் போகும் மகன் இருந்தால், அவருடைய அலமாரியில் ஒரு பெரிய டப்பா இருக்கலாம். ‘என்.ஓ. பூஸ்டர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உடற்பயிற்சிக்கு முன்னால் தண்ணீரில் கலந்து குடித்தால் தசை நன்றாக ‘பம்ப்’ ஆகும் என்பது கடைக்காரர் தரும் வாக்குறுதி.

மாத்திரை, பவுடர் இரண்டும் குறிவைப்பது ஒரே பொருளைத்தான். அதன் பெயர் நைட்ரிக் ஆக்சைடு, சுருக்கமாக என்.ஓ. ஒரு நைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த மிகச் சிறிய வாயு இது. ரத்த அழுத்தம், இதயம், நுரையீரல், மூளை, தாம்பத்தியம், தொற்று நோய் என்று இது தலையிடாத இடமே இல்லை எனலாம். அப்பாவின் மாத்திரை அவரைக் காப்பாற்றுவது எப்படி, மகனின் டப்பா சொல்வதைச் செய்யுமா, எந்த நேரத்தில் இதே வாயு உயிருக்கு ஆபத்தாகும் என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூன்று வாயு, ஒரு குழப்பம்

பெயர் ஒரே மாதிரி இருப்பதால் மூன்று வாயுக்களைப் பலரும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பல் மருத்துவமனையிலும் அறுவை சிகிச்சை அரங்கிலும் மயக்கத்துக்குப் பயன்படும் ‘சிரிப்பு வாயு’ நைட்ரஸ் ஆக்சைடு. வாகனப் புகையிலிருந்து வந்து நுரையீரலை எரிச்சலூட்டும் மாசு வாயு நைட்ரஜன் டை ஆக்சைடு. நாம் பேசப்போவது இந்த இரண்டும் அல்ல. நைட்ரிக் ஆக்சைடு நம் உடல் தானே தயாரிக்கும் வாயு.

ஆனால் இதற்கும் ஒரு பழைய கெட்ட பெயர் உண்டு. இதுவும் வாகனப் புகையில் வெளியேறும். காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்தால் நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறிவிடும். ‘இப்படி ஒரு நச்சு வாயுவை உடல் எதற்காகத் தயாரிக்கப் போகிறது?’ என்றுதான் 1980கள் வரை விஞ்ஞானிகள் நினைத்தார்கள்.

வெடிமருந்தில் தொடங்கிய கதை

1847ஆம் ஆண்டு இத்தாலியின் டுரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற வேதியியலாளர் நைட்ரோகிளிசரின் என்ற திரவத்தை உருவாக்கினார். லேசாக அசைந்தாலே வெடித்துவிடும் பொருள் அது. அதில் துளியை நாக்கில் வைத்துப் பார்த்தவருக்குக் கடுமையான தலைவலி வந்தது. அந்தத் தலைவலிக்குள்தான் ஒரு மருந்து ஒளிந்திருந்தது. ஆனால் அது அப்போது யாருக்கும் புரியவில்லை.

சுவீடனைச் சேர்ந்த ஆல்ஃபிரட் நோபல் இந்தத் திரவத்தை அடக்கப் பல ஆண்டுகள் போராடினார். 1864இல் ஸ்டாக்ஹோமில் நடந்த வெடிவிபத்தில் அவருடைய தம்பி எமில் உட்படப் பலர் இறந்தார்கள். அதன் பிறகும் விடாமல் முயன்று, 1867இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பெரும் பணக்காரர் ஆனார்.

டைனமைட் ஆலைகளில் வேலை செய்தவர்களிடம் ஒரு விசித்திரம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் தலை விண்விண்ணென்று வலிக்கும். ஓரிரு நாளில் உடல் பழகிவிடும். மறுபடி விடுமுறை வந்தால், அடுத்த திங்களன்று மறுபடியும் அதே தலைவலி. சிலர் விடுமுறையிலும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று தொப்பிப் பட்டையில் கொஞ்சம் நைட்ரோகிளிசரின் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வேறு சிலருக்கு நேர்மாறாக, ஆலைக்கு வராத நாட்களில்தான் நெஞ்சு வலித்தது.

இதற்கிடையில் லண்டன் மருத்துவர் வில்லியம் மரெல், மிகச் சிறிய அளவு நைட்ரோகிளிசரின் இதயம் சார்ந்த நெஞ்சு வலியைக் குறைக்கிறது என்று 1879இல் எழுதினார். சீக்கிரமே அது மருந்தானது. ‘நைட்ரோகிளிசரின்’ என்று சொன்னால் மக்கள் பயந்துவிடுவார்கள் என்பதால் ‘டிரைநைட்ரின்’ என்று வேறு பெயர் வைத்தார்கள்.

கடைசிக் காலத்தில் நோபலுக்கும் இதய நோய் வந்தது. டாக்டர்கள் அவருக்கு எழுதிக் கொடுத்த மருந்து எது தெரியுமா? அதே நைட்ரோகிளிசரின்தான். இது விதியின் வேடிக்கையாக இருக்கிறது என்று 1896 அக்டோபரில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிட்டார். அந்த டிசம்பரில் இறந்துபோனார். தன் ஆலையில் செய்த பொருள் தன் இதயத்துக்கு எப்படி உதவுகிறது என்பது அவருக்கும் தெரியாது, அவருடைய டாக்டர்களுக்கும் தெரியாது. பதில் கிடைக்க இன்னும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஆய்வகத்தில் நடந்த ஒரு தவறு

முதல் துப்பு அமெரிக்க மருத்துவர் ஃபெரிட் முராட் மூலம் வந்தது. நைட்ரோகிளிசரின் போன்ற மருந்துகள் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை வெளியிடுகின்றன, அந்த வாயு ரத்தக்குழாயின் தசையைத் தளர்த்துகிறது என்று 1977இல் அவர் காட்டினார். ஆனால் அது மருந்திலிருந்து வரும் வாயு. உடலே அதைத் தயாரிக்கும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

இரண்டாவது துப்பு நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில் கிடைத்தது. அவரை ஒரு புதிர் நீண்ட காலமாகத் தொந்தரவு செய்துகொண்டிருந்தது. அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை உயிருள்ள விலங்குக்குச் செலுத்தினால் ரத்தக்குழாய் விரிகிறது. அதையே வெட்டி எடுத்த முயலின் ரத்தக்குழாய்த் துண்டு மேல் விட்டால் சுருங்குகிறது. ஏன்?

1978இல் அவருடைய உதவியாளர் ஒரு சோதனையில் வழக்கமான வரிசையை மாற்றிச் செய்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து, சுருங்க வேண்டிய துண்டு தளர்ந்தது! ஃபர்ச்காட் அதைத் தவறு என்று தள்ளிவிடாமல் துருவித் துருவிப் பார்த்தார். இத்தனை ஆண்டுகளும் ரத்தக்குழாயைத் துண்டு போடும்போது அதன் உள்பக்கம் எங்காவது உரசி, உள்ளே இருக்கும் மெல்லிய செல் அடுக்கு உதிர்ந்துபோயிருந்தது. அந்த அடுக்கு உரசாமல் பிழைத்தால், குழாய் தளர்கிறது.

அந்த அடுக்கின் பெயர் எண்டோதீலியம். ரத்தக்குழாய்களின் உள்சுவரில் ஒற்றைச் செல் கனத்தில் ஒட்டியிருக்கும் விரிப்பு. அதுவரை அதை வெறும் ‘உள்பூச்சு’ என்றுதான் நினைத்திருந்தார்கள். ஃபர்ச்காட் இன்னொரு சோதனையும் செய்தார். அடுக்கு உதிர்ந்த ஒரு துண்டின் மேல், அடுக்கு உள்ள இன்னொரு துண்டை ஒட்டி வைத்தார். உதிர்ந்த துண்டும் தளர்ந்தது. அப்படியென்றால் எண்டோதீலியத்திலிருந்து ஏதோ ஒன்று கசிந்து பக்கத்துத் தசைக்குப் போகிறது. அது என்ன?

1980இல் வெளியான இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்கத் தேடுதல் நடந்தது. 1986இல் ஒரு கருத்தரங்கில் ஃபர்ச்காட்டும், லூயி இக்னாரோ என்ற விஞ்ஞானியும் தனித்தனியாக ஒரே பதிலைச் சொன்னார்கள்: அது நைட்ரிக் ஆக்சைடு. 1987இல் லண்டனில் சால்வடோர் மொன்காடாவின் குழு, எண்டோதீலிய செல்களிலிருந்து அந்த வாயு வெளிவருவதை அளந்தே காட்டியது. இக்னாரோ குழுவின் ஆதாரமும் அதே ஆண்டு வெளியானது.

உடலின் ஒரு செல், தன் பக்கத்துச் செல்லுக்கு வாயு மூலமாகத் தகவல் சொல்கிறது என்பது அதுவரை யாரும் கேள்விப்படாத விஷயம். 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மொன்காடாவுக்குக் கிடைக்காதது பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை. எப்படியோ, நைட்ரோகிளிசரின் வியாபாரத்தில் வந்த பணத்தில் உருவான பரிசு, நைட்ரோகிளிசரின் ரகசியத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கே போய்ச் சேர்ந்தது.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

நாம் சாப்பிடும் பருப்பு, வேர்க்கடலை, முட்டை, இறைச்சி ஆகியவற்றின் புரதத்தில் அர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. எண்டோதீலிய செல்லில் உள்ள ஒரு நொதி, இந்த அர்ஜினினை எடுத்து, ஆக்சிஜனோடு சேர்த்து, நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கிறது.

அது வாயு என்பதால் கதவும் ஜன்னலும் தேவையில்லை. செல் சுவரை ஊடுருவிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் தசைச் செல்லுக்குள் நுழைந்துவிடும். அங்கே ஒரு நொதியைத் தட்டி எழுப்பும். அந்த நொதி சி.ஜி.எம்.பி. என்ற இன்னொரு தூதரை உருவாக்கும். அந்தத் தூதர் ‘இறுக்கத்தை விடு’ என்று தசைக்குச் சொல்வார். தசை தளரும், குழாய் விரியும், ரத்தம் தாராளமாக ஓடும், அழுத்தம் குறையும்.

வேலை முடிந்ததும் என்.ஓ. மறைந்துவிடும். அதன் ஆயுள் சில நொடிகள்தான். ரத்தத்துக்குள் விழுந்தால் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின் அதை உடனே விழுங்கிவிடும். இதனால்தான் இந்தத் தகவல் தேவைப்பட்ட இடத்தில் மட்டும், தேவைப்பட்ட நேரம் மட்டும் போய்ச் சேர்கிறது. சி.ஜி.எம்.பி.யையும் சும்மா விடுவதில்லை. அதை உடைத்துப் போட பி.டி.இ.5 என்ற நொதி இருக்கிறது. இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

எண்டோதீலியம் எப்போது என்.ஓ. தயாரிக்கும்? அதன் மேல் ரத்தம் வேகமாக உராய்ந்து ஓடும்போது. நீங்கள் வேகமாக நடக்கிறீர்கள், இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது. அந்த உராய்வை உணர்ந்த எண்டோதீலியம் வாயுவைத் தயாரித்துக் குழாயை விரிக்கிறது. தொடர்ந்து உடற்பயிற்சி செய்பவர்களிடம் இந்த ஏற்பாடு இன்னும் நன்றாக வேலை செய்கிறது.

அப்பாவின் மாத்திரைக்கு வருவோம். அடைப்பால் இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் வலி வரும்போது, நாக்குக்கு அடியில் வைத்த மாத்திரை ரத்தத்தில் கலந்து என்.ஓ.வின் வேலையைச் செய்கிறது. முக்கியமாக உடலின் சிரைகள் தளர்வதால் இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தத்தின் அளவு குறைகிறது, இதயத்தின் சுமை குறைகிறது. விழுங்கினால் கல்லீரல் பெரும்பகுதியை உடைத்துவிடும், வேலை செய்யவும் நேரமாகும். அதனால்தான் நாக்குக்கு அடியில். மாத்திரை போட்டதும் தலை வலிக்கிறது என்று அவர் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். சொப்ரேரோவுக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்கும் வந்த அதே தலைவலிதான் அது. தலையில் உள்ள ரத்தக்குழாய்களும் சேர்ந்து விரிகின்றன.

இடத்துக்கு இடம் வேலை மாறும்

என்.ஓ.வைத் தயாரிக்கும் நொதியில் மூன்று வகை உண்டு. ஒன்று ரத்தக்குழாயில் இருப்பது. அது ரத்தக்குழாயைத் தளர்த்துவதோடு, ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதையும் தடுக்கிறது.

இரண்டாவது நரம்பு செல்களில் இருக்கிறது. மூளையில் நரம்புகளுக்கு இடையிலான தகவல் பரிமாற்றத்தில் அது உதவுகிறது. உணவுப் பாதையிலும் நரம்புகள் என்.ஓ.வை வெளியிட்டுத்தான் தசையைத் தளர்த்துகின்றன. ‘அகலேசியா’ என்ற நோயில் உணவுக்குழாயின் அடியில் உள்ள இந்த நரம்புகள் அழிந்துவிடுகின்றன. கதவு திறக்காது; சாப்பிட்ட சோறு இறங்காமல் நெஞ்சிலேயே நிற்கும்.

மூன்றாவது வகை நோய் எதிர்ப்பு செல்களில் இருக்கிறது. கிருமி நுழைந்தால் மட்டும் முழிக்கும். மற்ற இரண்டும் சொட்டுச் சொட்டாகத் தயாரித்தால், இது குடம் குடமாகக் கொட்டும். அங்கே என்.ஓ. ஓர் ஆயுதம்.

குறைந்தால் என்ன ஆகும்?

புகைபிடித்தல், சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகிய நான்கும் எண்டோதீலியத்தைத்தான் முதலில் பதம்பார்க்கின்றன. இவற்றால் ரத்தக்குழாய்ச் சுவரில் சூப்பர் ஆக்சைடு என்ற தீவிரமான பொருள் பெருகுகிறது. அது என்.ஓ.வைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும். இருந்த என்.ஓ. காலியாவது ஒரு நஷ்டம். இரண்டும் சேர்ந்து உருவாகும் பெராக்சிநைட்ரைட் செல்களையே சேதப்படுத்துவது இன்னொரு நஷ்டம்.

என்.ஓ. குறைந்த குழாய் இறுகுகிறது. தட்டணுக்கள் ஒட்டத் தொடங்குகின்றன. கொழுப்பு படிய வழி கிடைக்கிறது. மாரடைப்பு ஒரே நாளில் வருவதுபோல் தெரிந்தாலும், உள்ளே பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சரிவு தொடங்கியிருக்கும்.

இதற்கு வெளியே தெரியும் ஓர் அறிகுறி இருக்கிறது. ஆண்கள் வெளியே சொல்லத் தயங்கும் அறிகுறி. ஆணுறுப்பு விறைப்பதற்கு அங்குள்ள ரத்தக்குழாய்கள் விரிய வேண்டும், அதற்கு என்.ஓ. வேண்டும். அந்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை. அதனால் எண்டோதீலியம் பழுதானால் பிரச்சினை அங்கேதான் முதலில் தெரியலாம். விறைப்புக் கோளாறு, சில ஆண்டுகள் கழித்து வரப்போகும் இதய நோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். மன அழுத்தம் போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் ரகசிய லேகியம் தேடுவதற்கு முன்னால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பரிசோதித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கூடினால்?

‘குறைந்தால் ஆபத்து என்றால், கூட்டிவிட்டால் நல்லதுதானே?’ என்று கேட்கலாம். இல்லை. கடுமையான தொற்று ரத்தத்தில் பரவும் செப்சிஸ் நிலையில், அந்த மூன்றாவது வகை நொதி கட்டுக்கடங்காமல் என்.ஓ.வைக் கொட்டுகிறது. உடல் முழுக்க ரத்தக்குழாய்கள் தளர்ந்துபோகின்றன. ரத்த அழுத்தம் சரிகிறது, உறுப்புகளுக்கு ரத்தம் போகாமல் ஒவ்வொன்றாகச் செயலிழக்கின்றன.

அப்படியானால் என்.ஓ. உற்பத்தியை நிறுத்தும் மருந்து கொடுத்தால்? அதையும் செய்து பார்த்தார்கள். 797 நோயாளிகளிடம் நடந்த அந்தப் பெரிய ஆய்வின் முடிவு 2004இல் வெளியானது. மருந்து கொடுத்தவர்களின் ரத்த அழுத்தம் ஏறியது உண்மைதான். ஆனால் 28 நாட்களுக்குள் அவர்களில் 59 சதவீதம் பேர் இறந்தார்கள். மருந்து கொடுக்காத குழுவில் இறந்தவர்கள் 49 சதவீதம். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். கெட்டதைச் செய்யும் என்.ஓ.வோடு, நல்லதைச் செய்துகொண்டிருந்த என்.ஓ.வும் சேர்ந்து நின்றுபோனதுதான் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

டாக்டரிடம் மறைக்கக் கூடாத மாத்திரை

இங்கிலாந்தில் ஃபைசர் நிறுவன விஞ்ஞானிகள் நெஞ்சு வலிக்காக ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பெயர் சில்டெனாஃபில். நெஞ்சு வலிக்கு அது பெரிதாகக் கைகொடுக்கவில்லை. ஆனால் சோதனையில் பங்கெடுத்த ஆண்கள் வேறொரு ‘பக்கவிளைவை’ச் சொன்னார்கள். 1998 மார்ச்சில் ‘வயாகரா’ என்ற பெயரில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. என்.ஓ.வுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டுதான்.

அது என்.ஓ.வைத் தயாரிப்பதில்லை. முன்னால் பார்த்தோமே, சி.ஜி.எம்.பி.யை உடைக்கும் பி.டி.இ.5, அதைத் தடுக்கிறது. அதனால் தூதர் நீண்ட நேரம் நின்று வேலை பார்க்கிறார்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. நாக்கடி மாத்திரை சி.ஜி.எம்.பி.யைக் கூட்டும். சில்டெனாஃபில் அது உடையாமல் தடுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் உடலில் இருந்தால், குழாயைத் திறந்துவிட்டு வடிகாலை அடைத்த கதைதான். ரத்த அழுத்தம் சட்டென்று பாதாளத்துக்கு இறங்கி, உயிரே போகலாம். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள்ளும், அதே வகையைச் சேர்ந்த டாடலாஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் நாக்கடி மாத்திரை தரக் கூடாது என்பது மருத்துவ விதி.

யோசித்துப் பாருங்கள். நெஞ்சு வலி என்று நடுராத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார் ஒருவர். ‘வேறு ஏதாவது மாத்திரை எடுத்தீர்களா?’ என்று டாக்டர் கேட்கிறார். பக்கத்தில் மனைவி, வளர்ந்த பிள்ளைகள். ‘ஒண்ணும் எடுக்கல டாக்டர்’ என்று சொல்லிவிடுகிறார். அந்த ஒரு பொய்யின் விலை அவருடைய உயிராக இருக்கலாம். நீங்கள் உடன் போயிருந்தால், டாக்டர் அவரிடம் தனியாகப் பேச ஒரு நிமிடம் விலகி நில்லுங்கள். நுரையீரல் ரத்த அழுத்த நோய்க்காகப் பெண்களும் குழந்தைகளும்கூட சில்டெனாஃபில் எடுப்பதுண்டு. அதனால் இது வெட்கப்பட வேண்டிய கேள்வியே அல்ல.

இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரருக்கு நெஞ்சைப் பிடிக்கிறது என்று நம் வீட்டு மாத்திரையைக் கொடுத்து ‘உதவி’ செய்யும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவருக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம் இறங்கியிருந்தால் அதுவும் ஆபத்து. டாக்டர் யாருக்கு எழுதிக் கொடுத்தாரோ அவர் மட்டும், உட்கார்ந்த நிலையில் எடுக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வலி விடவில்லை என்றால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

நீலம் பாரித்த குழந்தைக்கு ஒரு மூச்சு

தாயின் வயிற்றில் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலுக்கு அதிக ரத்தம் தேவையில்லை. அங்குள்ள குழாய்கள் இறுகியே இருக்கும். முதல் மூச்சோடு அவை விரிய வேண்டும். சில குழந்தைகளுக்கு விரிவதில்லை. உடல் நீலம் பாரிக்கும். குழாயை விரிக்கும் மருந்தை ஊசியில் செலுத்தினால், உடல் முழுக்க ரத்த அழுத்தம் இறங்கிவிடும்.

1990களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் ஒரு வழி கண்டார்கள். என்.ஓ. வாயுவையே மூச்சில் கலந்து கொடுப்பது! காற்று எட்டும் இடத்தில் உள்ள நுரையீரல் குழாய்கள் மட்டும் விரியும். அதைத் தாண்டி ரத்தத்துக்குள் போனால் ஹீமோகுளோபின் விழுங்கிவிடும். உடலின் மற்ற பகுதிகளுக்குப் பாதிப்பு இல்லை. அளவும் மிகக் குறைவு. காற்றில் பத்து லட்சத்தில் 20 பங்கு என்பதுதான் வழக்கமான அளவு. 1999இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் பலன் தருவதில்லை என்றாலும், செயற்கை நுரையீரல் இயந்திரம் வரை போக வேண்டிய பல குழந்தைகளை அந்த நிலைக்குப் போகாமல் இது தடுத்திருக்கிறது.

நுரையீரலில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. ஒவ்வாமை சார்ந்த ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் அழற்சியால் அங்கே என்.ஓ. கூடுகிறது. ஒரு கருவியில் ஊதச் சொல்லி அதை அளக்கலாம். பெரியவர்களுக்கு நூறு கோடியில் 25 பங்குக்குக் கீழே என்றால் குறைவு. 50க்கு மேல் என்றால் அழற்சி இருக்கிறது, இன்ஹேலரில் தரும் ஸ்டீராய்டு மருந்து பலனளிக்க வாய்ப்பு அதிகம் என்று பொருள்.

நம் மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ் அறைகளும் என்.ஓ.வைத் தயாரிக்கின்றன. ‘ம்ம்ம்’ என்று ரீங்காரமிட்டால், சாதாரணமாக மூச்சு விடுவதைவிட 15 மடங்கு என்.ஓ. மூக்கிலிருந்து வெளிவருகிறது என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2002இல் கண்டார்கள். பிராமரி பிராணாயாமம் பற்றிய வாட்ஸ்அப் செய்திகளில் அடிக்கடி வரும் தகவல் இது. அளவு உண்மை. ஆனால் அதனால் இன்ன நோய் குணமாகும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

கீரையும் பீட்ரூட்டும் உதவுமா?

உதவும், ஓரளவுக்கு. கீரைகள், பீட்ரூட், முள்ளங்கி ஆகியவற்றில் நைட்ரேட் அதிகம். நாக்கின் பின்பகுதியில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வயிற்றிலும் ரத்தத்திலும் அதிலிருந்து என்.ஓ. உருவாகிறது. அர்ஜினின் வழி அடைபட்டாலும் உடலுக்கு இது ஒரு மாற்று வழி.

லண்டனில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தினமும் 250 மி.லி. பீட்ரூட் சாறு நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மேல் ரத்த அழுத்தம் சராசரியாக 8 மி.மீ. அளவுக்குக் குறைந்தது; சாற்றை நிறுத்தியதும் பழைய நிலைக்கே திரும்பியது. 2015இல் வந்த இது சிறிய ஆய்வுதான். இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

அந்த வாய் பாக்டீரியாக்களைக் கிருமிநாசினி மவுத்வாஷ் கொன்றுவிட்டால்? அதே ஊரில் நடந்த இன்னொரு சிறிய ஆய்வில், ஏழு நாள் அப்படிக் கொப்பளித்த ஆரோக்கியமானவர்களின் ரத்த அழுத்தம் 2 முதல் 3.5 மி.மீ. வரை ஏறியது. பல் டாக்டர் சில நாட்களுக்கு எழுதித் தந்தால் பயன்படுத்துங்கள். சும்மா வாசனைக்காகத் தினமும் வேண்டாம்.

கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் நைட்ரேட்டின் ஒரு பகுதி அதோடு போய்விடும். கூட்டாகவோ மசியலாகவோ செய்தால் அது வீணாகாது. சிறுநீரக நோய் உள்ளவர்களும் சிறுநீரகக் கல் வந்தவர்களும் பீட்ரூட், கீரை அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்போ அந்த ஜிம் டப்பா?

பெரும்பாலான ‘என்.ஓ. பூஸ்டர்’களில் இருப்பது அர்ஜினின் அல்லது சிட்ரூலின். வாய் வழியாகச் சாப்பிடும் அர்ஜினினில் கணிசமான பகுதி குடலிலும் கல்லீரலிலுமே சிதைந்துவிடும். சிட்ரூலின் அதைத் தாண்டிப் போய்ச் சிறுநீரகத்தில் அர்ஜினினாக மாறுகிறது. ஆனால் ஒரு விஷயம்: ஆரோக்கியமான இளைஞரின் உடலில் அர்ஜினினுக்குப் பஞ்சமே இல்லை. மூலப்பொருள் குவிந்து கிடக்கும் ஆலைக்கு இன்னொரு லாரி சரக்கு அனுப்பினால் உற்பத்தி பெரிதாகக் கூடிவிடாது. பவுடர் குடித்ததும் உணரும் அந்த வேகம், பெரும்பாலும் அதில் சேர்த்திருக்கும் காஃபினின் வேலை.

இதய நோயாளிகள் விஷயத்தில் இது விளையாட்டே அல்ல. மாரடைப்பு வந்தவர்களுக்கு அர்ஜினின் கொடுத்தால் ரத்தக்குழாய் சீராகுமா என்று அமெரிக்காவில் 153 பேரிடம் சோதித்தார்கள். அர்ஜினின் எடுத்த குழுவில் 6 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த குழுவில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வை நிறுத்திவிட்டார்கள். முடிவு 2006இல் வெளியானது. குழு சிறியது என்பதால் அர்ஜினின்தான் கொன்றது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ‘இயற்கையான அமினோ அமிலம்தானே, அப்பாவுக்கும் ஒரு ஸ்பூன் கொடுப்போம்’ என்று நினைப்பவர்களை நிறுத்த இது போதும்.

ரத்த அழுத்த மாத்திரையோ நாக்கடி மாத்திரையோ சில்டெனாஃபில் வகை மாத்திரையோ எடுப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் இந்தப் பவுடர் பக்கம் போகவே கூடாது.

கடைசியாக, என்ன செய்யலாம்?

தினமும் அரை மணி நேர வேக நடை. எண்டோதீலியத்துக்கு இதைவிட நல்ல ‘பூஸ்டர்’ கடையில் கிடைக்காது.

புகையை விடுங்கள். விட்ட சில மாதங்களிலேயே எண்டோதீலியம் தேறத் தொடங்குகிறது.

முப்பது வயதைத் தாண்டியிருந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பாருங்கள். வாரத்தில் சில நாளாவது தட்டில் கீரை இருக்கட்டும்.

வீட்டில் நாக்கடி மாத்திரை இருந்தால் இன்றைக்கே அட்டையை எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். அது அலமாரிக்குள் பூட்டிக் கிடக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். எப்போது எடுக்க வேண்டும், எந்த மாத்திரையோடு எடுக்கக் கூடாது என்பது அப்பாவுக்குத் தெரியுமா என்று ஒரு தடவை கேளுங்கள். பல வீடுகளில் இந்தப் பேச்சு இன்னும் நடக்கவேயில்லை.